ஒன்பது வேளை உண்ட தமிழன்

பசித்தவனுக்குச் சோறு போட ஓர் அகப்பை போதும். பசியைப் பற்றி ஆராய்ச்சி செய்ய அது போதாது. அதற்கு ஒரு சங்கம் வேண்டும், சங்கத்துக்கு ஒரு கட்டடம் வேண்டும், கட்டடத்துக்குத் திறப்பு விழா வேண்டும், திறப்பு விழாவுக்கு விருந்து வேண்டும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறாம் வருஷத்து மழைக்காலத்தில் இரங்கூன் பட்டணத்தில் இவை எல்லாம் ஒரே நாளில் கூடி வந்தன. சங்கத்தின் பெயர் 'ஆகார ஆசார சமுதாய ஆராய்ச்சிச் சங்கம்'. இந்தப் பெயரை ஒரே மூச்சில் சொல்லத் தெரிந்தவர்களை மட்டுமே அங்கத்தினராகச் சேர்த்துக்கொண்டார்கள் என்று ஊரில் பேச்சு.

தலைவர் பிளங்கெட் துரை. ஏதோ ஒரு தீவில் மனிதர்கள் கிழங்கை எந்தக் கையால் உரிக்கிறார்கள் என்று தலையணைத் தடிமனில் புத்தகம் எழுதியவர். காரியதரிசி சபாபதி, எம்.ஏ. இவர் தமிழர். தம்மை யாராவது தமிழர் என்று சொல்லிவிட்டால் உடனே எம்.ஏ.யையும் சேர்த்துச் சொல்லிக்கொள்வார்.

திறப்பு விழாவில் சபாபதி எழுந்து பேசினார்.

"கனவான்களே! நான் தமிழனாய்ப் பிறந்தவன். ஆயினும் இந்தப் பட்டணத்தில் மூட்டை சுமக்கிற தமிழன் என்ன உண்கிறான், எவ்வாறு உண்கிறான் என்பதை நான் அறியேன். ஏனென்றால் அவனோடு ஒரு பந்தியில் நான் உட்கார்ந்ததே கிடையாது. இனி உட்காரப் போவதும் கிடையாது. இந்தத் தூரத்தைத்தான் விஞ்ஞானத்தில் நடுநிலைமை என்று சொல்லுகிறோம்."

பலமான கைதட்டல். அடுத்துத் துரை இங்கிலீஷில் பேச, அவருடைய நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்த மொழிபெயர்ப்பாளர் ஞானசுந்தரம் அதைத் தமிழில் சொன்னார்: "துரையவர்கள் சொல்லுவதாவது, ஆகாரம் சமுதாயத்தின் கண்ணாடி. அதில் நம்முடைய முகத்தைப் பார்த்துக்கொள்ளத்தான் நாம் இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம்."

ஞானசுந்தரம் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர், சாது. மனைவி ரோஸும் பிள்ளைகளும் திருநெல்வேலியில் இருந்தார்கள். சங்கத்தில் விருந்து நடக்கும்போதெல்லாம் துரைமாரும் தமிழ்க் கனவான்களும் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டேதான் சாப்பிடுவார்கள். அதை ஒருவர்க்கொருவர் எடுத்துச் சொல்ல இவருடைய வாய் வேண்டியிருந்தது. வாய்க்கு ஒரே சமயத்தில் இரண்டு வேலை கொடுக்க முடியாது. ஆகையால் விருந்து தவறாமல் நடந்தது, ஞானசுந்தரம் தவறாமல் நின்றார். இவருக்கு முன்னால் இந்த வேலையில் இருந்தவர் நடுவில் ஒரு தரம் சொந்த அபிப்பிராயம் சொல்லிவிட்டாராம். இப்போது அவர் எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது.

அது போகட்டும். நம்முடைய ஆள் செல்லக்கண்ணு.

பட்டணத்தின் ஓரமாக, அலோன் பக்கத்தில் ஆற்றங்கரையில் ஒரு அரிசி ஆலைக் கம்பெனியின் கிட்டங்கிக்கு அவன் காவல்காரன். கிட்டங்கியில் மூட்டை அடுக்கிப் பூட்டிவிட்டார்களானால் கப்பல் வரும்வரை அந்தப் பக்கம் ஈ காக்கை எட்டிப் பார்க்காது. காலையிலிருந்து பொழுது சாய்கிறவரை பூட்டுக்கு எதிரில் அவன் உட்கார்ந்திருப்பான். பூட்டு அவனைப் பார்க்கும், அவன் பூட்டைப் பார்ப்பான். தங்கியிருந்த கூலி லைனிலோ எல்லாரும் ராத்திரி வேலைக்காரர்கள். இவன் உள்ளே நுழையும்போது அவர்கள் தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு வெளியே போவார்கள். இவனுடைய பாயில் பகலெல்லாம் வேறு ஒருவன் படுத்திருப்பான். அந்த மனிதனுடைய முகத்தைக்கூடச் செல்லக்கண்ணு சரியாகப் பார்த்ததில்லை. பாயில் கொஞ்சம் சூடு மட்டும் மிச்சம் இருக்கும். அந்தச் சூட்டில் படுத்துத் தூங்குவான்.

மனைவி தைலம்மாள் இருந்தவரையில் அவனுக்கு ஒரு பாக்கியம் இருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "பசிக்குதுடி" என்று சொல்லலாம். உலகத்தில் இந்த வார்த்தையை நினைத்த இடத்தில் சொல்லிவிட முடியாது. பெற்றவளிடம் சொல்லலாம், கட்டினவளிடம் சொல்லலாம். மற்ற யாரிடம் சொன்னாலும் அதற்குப் பிச்சை என்று பெயர். காய்ச்சலில் தைலம்மாள் போனபிறகு அந்த வார்த்தையைச் சொல்ல அவனுக்கு ஆளில்லை. சொல்லாமலே இருந்து இருந்து அது அவன் வாயைவிட்டே போய்விட்டது.

ஒரே ஒரு இடம் பாக்கி இருந்தது. சரக்கு இறக்கும் துறைக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை. அங்கே கம்பெனிச் செலவில் வேலம்மா என்பவள் துறைக்கூலிகளுக்கும் காவல்காரர்களுக்கும் பகல் சோறு பொங்கிப் போட்டாள். சோறு, தண்ணீராய் ஓடும் பருப்பு, ஒரு துண்டு கருவாடு, பர்மாவுக்கு வந்த தோஷத்துக்கு ஓரத்தில் கொஞ்சம் ஙப்பி என்கிற மீன் விழுதில் இடித்த மிளகாய். ருசி என்று பெரிதாய்ச் சொல்ல ஒன்றும் கிடையாது. ஆனால் அங்கே யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை. வரிசையில் போய் உட்கார்ந்தால் தட்டு வரும், தட்டில் சோறு விழும். இந்தப் பக்கம் ஒரு தோள், அந்தப் பக்கம் ஒரு தோள். ஒருவன் மேஸ்திரியைத் திட்டுவான், ஒருவன் சிரித்துப் புரையேறுவான். "மெதுவா முழுங்குங்கடா, சோறு எங்கயும் ஓடிடாது" என்று வேலம்மா அதட்டுவாள். அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் செல்லக்கண்ணு மற்ற நேரமெல்லாம் உயிரோடு இருந்தான் என்று சொன்னால் அது மிகை ஆகாது.

இப்படி இருக்கையில் சங்கத்துக்கு ஒரு சராசரித் தமிழன் தேவைப்பட்டான். உயரத்தில் சராசரி, எடையில் சராசரி, புத்தியில் சராசரி. எல்லாத் தமிழரையும் ஆராய்வது வீண் செலவு, ஒருவனை ஆராய்ந்தால் எல்லாரையும் ஆராய்ந்த மாதிரி என்பது பிளங்கெட் துரையின் சித்தாந்தம். கம்பெனி மானேஜரைக் கேட்டார்கள். மானேஜர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். அந்த நேரத்தில் தலையில் மூட்டை இல்லாமல் இருந்தவன் செல்லக்கண்ணு ஒருவன்தான். "இவனை எடுத்துக்கொள்ளுங்கள், வேலை கெடாது" என்றார். அவ்வளவுதான், ஆள் அகப்பட்டுவிட்டான். அவன் கழுத்தில் பித்தளை வில்லை ஒன்றை மாட்டினார்கள். அதில் 'மாதிரி' என்று பொறித்திருந்தது.

"இது என்னாத்துக்கு சார்?" என்று ஞானசுந்தரத்தைக் கேட்டான் செல்லக்கண்ணு.

"உன்னை வச்சுத்தான் தமிழன் எப்பிடின்னு பார்க்கப்போறாங்க அப்பா."

"நான் ஒண்ணும் தப்புப் பண்ணலியே சார்?"

"தப்புக்கு இல்ல. ஆராய்ச்சிக்கு."

செல்லக்கண்ணுவுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் விளங்கவில்லை. ஆனாலும் தன்னைப் பார்க்க நாலு பேர் வருகிறார்கள் என்பதில் உள்ளூர ஒரு சந்தோஷம். அதை மறைப்பானேன்? பூட்டை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு மனித முகம் தென்பட்டால் கசக்குமா?

ஆராய்ச்சி தொடங்கியது. சுதேசியிடம் சுதேசியின் வழக்குச் சொல்லிலேயே கேட்கவேண்டும், கேட்கும் வேளையையும் மாற்றிக்கொண்டே இருக்கவேண்டும், அப்போதுதான் உண்மை வெளிப்படும் என்பது விதி. ஆகவே விடிந்தும் விடியாமலும் சபாபதியும் ஞானசுந்தரமும் குடையோடு வந்து நிற்பார்கள்.

"சாப்பிட்டாயா?"

"ஆச்சுங்க."

வெயில் ஏறினதும் திரும்ப வருவார்கள்.

"சாப்பிட்டாயா?"

"ஆச்சுங்க."

உச்சியில் வருவார்கள், சாயங்காலம் வருவார்கள், விளக்கு வைத்ததும் வருவார்கள். எப்போது வந்து கேட்டாலும் ஆச்சு.

இதில் சூது ஒன்றும் கிடையாது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நம்மில் ஒருவர் மற்றவரைச் சாப்பிட்டாயா என்று கேட்டால் அது நீ சுகமா என்று கேட்கிற மரியாதை. ஆச்சு என்பது பதில் மரியாதை. வயிறு முதுகோடு ஒட்டிக் கிடந்தாலும் ஆச்சு என்றுதான் சொல்லவேண்டும். இல்லை என்று சொல்லிவிட்டால் கேட்டவர் சும்மா போக முடியாது. வா, உட்கார், சாப்பிடு என்று இழுத்துக்கொண்டு போய்ச் சோறு போட்டாகவேண்டும். அந்தப் பாரத்தை வழியோடு போகிறவர் தலையில் ஏற்ற மானமுள்ளவன் துணிவானா? பக்கத்துத் துறையில் மொஹிங்கா என்கிற மீன்குழம்புச் சேமியா விற்கிற மா ச்சிட் என்ற பர்மாக்காரிகூட வருகிறவன் போகிறவனையெல்லாம் "தமின் சா பி பி லா?" என்று இதையேதான் கேட்பாள். அவளுக்கும் ஆச்சு என்றுதான் பதில் வரும். இதெல்லாம் எம்.ஏ.யில் பாடம் இல்லை. ஞானசுந்தரத்துக்குத் தெரியும். ஆனால் அவர் மொழியை மட்டும் பெயர்க்கச் சம்பளம் வாங்குகிறவர். "ஆயிற்று என்கிறான்" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வார்.

செல்லக்கண்ணுவுக்கு வருத்தமே இல்லை. தைலம்மாளுக்குப் பிறகு அவனை யாரும் சாப்பிட்டாயா என்று கேட்டதில்லை. இப்போது ஒரு எம்.ஏ.யும் ஒரு மொழிபெயர்ப்பாளரும் மழையில் நனைந்துகொண்டு வந்து வேளை தவறாமல் கேட்கிறார்கள். பாவம், நல்ல மனுஷர்கள் என்று நினைத்தான். சில நாள் அவர்கள் வர நேரமாகிவிட்டால் எழுந்து போய்த் தெருக்கோடிவரை பார்த்துவிட்டு வருவான்.

முடிவில் சங்கம் கூட்டிக் கழித்துப் பார்த்தது. நாளொன்றுக்கு ஒன்பது தரம் கேட்டிருக்கிறார்கள், ஒன்பது தரமும் ஆச்சு. தமிழன் நாளொன்றுக்கு ஒன்பது வேளை உண்கிறான்!

சங்கத்தில் ஒரே பரபரப்பு. பர்மியரையும் கேட்டால் இதே பதில் வருகிறது என்று யாரோ சொல்ல, அதற்கென்று தனியாக ஒரு கமிட்டியும் அந்தக் கமிட்டிக்குத் தனியாக ஒரு விருந்தும் ஏற்பாடாயின. ஒன்பது வேளை உண்கிறவன் ஏன் இப்படி ஒடிந்து விழுகிறவனாக இருக்கிறான் என்ற சந்தேகம் மட்டும் பாக்கி. செல்லக்கண்ணுவைக் கிட்டங்கியிலிருந்த மூட்டைத் தராசில் ஏற்றினார்கள். எதிர்த்தட்டில் கல்லை வைத்தார்கள், எடுத்தார்கள், மறுபடி வைத்தார்கள். தையற்காரனை வரவழைத்து வயிற்றைச் சுற்றி நாடா பிடித்தார்கள். நாடாவில் பாதிக்குமேல் மிஞ்சியது. பிளங்கெட் துரை வெகுநேரம் யோசித்துவிட்டுக் கண்கள் பளபளக்கச் சொன்னதை ஞானசுந்தரம் மெல்லிய குரலில் மொழிபெயர்த்தார்: "தமிழனுடைய வயிறு உட்புறமாக வளருகிறது."

அது மட்டுமா! மாதிரியானவன் மற்றவர்களோடு கலந்து உண்டால் அவர்கள் பழக்கம் இவனுக்கு ஒட்டிக்கொண்டு மாதிரி கெட்டுவிடுமென்று வேலம்மாவின் கொட்டகையில் அவனை வரிசையிலிருந்து எழுப்பி, எதிர்ப்புறம் தனியாக ஒரு முக்காலியில் உட்கார வைத்தார்கள். கூலிகள் அவனைப் பார்த்தார்கள், அவன் கூலிகளைப் பார்த்தான். அவனிடம் பேச்சுக் கொடுத்தால் தங்கள் கழுத்திலும் வில்லை விழுமோ என்று அவர்களுக்குப் பயம். சத்தம் தாழ்ந்தது, சிரிப்பு நின்றது. முக்காலியில் இருந்தபடி செல்லக்கண்ணு சோற்றை வெகுநேரம் பிசைந்துகொண்டே இருந்தான். ஆனாலும் ஒரே கூரைதானே, ஒரே பானைச் சோறுதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டான்.

அந்தப் பானைக்கும் வந்தது வினை. ஒருநாள் சோறு போட்டு முடித்ததும் வேலம்மா அகப்பையும் கையுமாக அவன் எதிரில் வந்து நின்றாள்.

"ஏண்டா தம்பி, நீ ஒம்போது வேளை திங்கிறியாமே?"

"யாரு அக்கா சொன்னா?"

"மானேஜரு சொல்றான். நீங்க எல்லாரும் ஒம்போது தரம் தின்னுட்டு வர்றீங்களாம், இது பத்தாவது சோறாம். பத்தாவது சோறு ஒடம்புக்குக் கெடுதல்னு அந்தச் சங்கத்துல முடிவு கட்டிட்டாங்களாம். அவனுக்கு என்ன, கரும்பு தின்னக் கூலியா? வர்ற மாசத்தோட அடுப்ப அணைன்னுட்டான்."

செல்லக்கண்ணுவுக்குக் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. "நான் அப்பிடி ஒண்ணும் சொல்லலியே அக்கா. சாப்பிட்டியான்னு கேட்டாங்க. ஆச்சுன்னேன்."

"அதான் சொல்லிட்டியே!" என்று கத்தினவள், சற்றுப் பொறுத்துக் குரலைத் தணித்துக்கொண்டாள். "வேற என்ன சொல்லுவ? என்னைக் கேட்டிருந்தா நானும் அதத்தான் சொல்லியிருப்பேன். ஆனா இப்ப வேற வழி கெடையாது, தம்பி. பெரிய கூட்டம் வச்சிருக்காங்களாம், ஒன்னயும் கொண்டுபோயி நிறுத்துவாங்களாம். அங்க கேட்பாங்க. ஒரே ஒரு தரம் இல்லன்னு சொல்லிடு. இத்தன பேரு வயிறு அதுல இருக்கு."

ஒரே ஒரு தரம்! சொல்வது சுலபம். செல்லக்கண்ணு அன்றிலிருந்து கிட்டங்கிப் பூட்டுக்கு எதிரில் நின்று பழகினான். பூட்டு அவனைச் சாப்பிட்டாயா என்று கேட்பதாகப் பாவித்துக்கொள்வான். வாயைத் திறப்பான். "ஆச்சுங்க" என்று வரும். தலையில் அடித்துக்கொண்டு மறுபடி தொடங்குவான். மறுபடியும் ஆச்சுதான் வரும். வீம்புக்குப் பூட்டை முறைத்துக்கொண்டு ஒருநாள் "இல்லீங்க" என்று சொல்லிவிட்டான். சொன்னதும் யாராவது கேட்டிருப்பார்களோ என்று வெட்கமாக இருந்தது. சுற்றிலும் பார்த்தான். ஒருவரும் இல்லை. அதற்கும் மனசு கஷ்டப்பட்டது.

கூட்டத்து நாள் வந்தது. இல்லை என்று சொல்லப் போவது பொய்யாகிவிடக் கூடாதென்று முதல்நாள் பகலிலிருந்தே அவன் ஒன்றும் சாப்பிடவில்லை. வேலம்மா தட்டை நீட்டியபோதுகூட வேண்டாமென்று கையைக் காட்டிவிட்டான்.

சங்கத்துக் கூடத்தில் மேடைமேல் அவனை நிறுத்தினார்கள். எதிரில் துரைமார்கள், துரைசானிகள், சால்வை போட்ட கனவான்கள், முன்வரிசையில் கம்பெனி மானேஜர். கம்பெனி சங்கத்துக்கு ஒரு மின்சார விசிறி நன்கொடை கொடுத்திருந்தது. விசிறி தலைக்குமேல் சுற்றியது. பக்கத்து அறையிலிருந்து கட்லெட் பொரிக்கிற வாசனை நேராக மேடைக்கு வந்தது.

சபாபதி தொடங்கினார். "கனவான்களே, இந்தச் சங்கம் ஓராண்டுக் காலத்தில் முப்பத்திரண்டு விருந்துகளை நடத்தி ஆகாரத்தைப் பற்றி அனுபவபூர்வமாகச் சிந்தித்திருக்கிறது. வெறும் வயிற்றோடு பசியைப் பற்றிச் சிந்திக்க இயலாது. பசித்தவனுக்குப் பசியைத் தவிர வேறொன்றும் தெரியாது. ஆகையால் பசியைப் பற்றிப் பேசும் தகுதி அவனுக்கு இல்லை."

பிளங்கெட் துரை எழுந்தார். இதோ நிற்பவனே தமிழன், இவனை யாரும் தயார் செய்யவில்லை, எல்லார் முன்னிலையிலும் கேட்போம் என்றார். ஞானசுந்தரம் ஓரடி முன்னால் வந்தார்.

"சாப்பிட்டாயா?"

செல்லக்கண்ணுவின் நாக்கில் ஆச்சு வந்து உட்கார்ந்துவிட்டது. அதைப் பிடித்துக் கீழே தள்ளினான். வேலம்மாவின் அகப்பையை நினைத்தான், வரிசையை நினைத்தான், இரண்டு பக்கத்துத் தோள்களையும் நினைத்தான்.

"இல்லீங்க."

ஞானசுந்தரம் நிமிர்ந்து பார்த்தார். உடனே மொழிபெயர்க்கவில்லை. துரை என்னவென்று கேட்டார். ஞானசுந்தரம் இங்கிலீஷில் சொன்னார். மறுபடி கேட்கும்படி உத்தரவாயிற்று.

"சாப்பிட்டாயா?"

"இல்லீங்க. நேத்துப் பகல்லேருந்து சாப்பிடல." அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் கதவு திறந்துவிட்டது. இத்தனை வருஷமாக உள்ளே கிடந்த வார்த்தை தானாகவே வெளியே வந்தது. "பசிக்குதுங்க."

 விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. செல்லக்கண்ணுவுக்கு உடம்பெல்லாம் கூசியது. அதே சமயம் நெஞ்சில் ஒரு பாரம் இறங்கினது போலவும் இருந்தது. சொல்லியாயிற்று. இத்தனை பெரிய மனிதர்கள் காதில் விழுந்தாயிற்று. இனி யாராவது ஒருவர் எழுந்து வா என்று சொல்லத்தானே வேண்டும்?

சபாபதி எழுந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது. "தலைவரவர்களே, இது வருந்தத்தக்க சம்பவம். மாதிரி கெட்டுவிட்டது. யாரோ இவனுக்கு உண்மையைச் சொல்லும்படி கற்பித்துக் கொடுத்திருக்கிறார்கள். ஆராய்ச்சிக்கு வேண்டியது கலப்பில்லாத பதில். இதுவரை இவன் ஆயிற்று என்று சொன்னது தமிழனாகச் சொன்னது. இன்று இல்லை என்று சொல்வது செல்லக்கண்ணு என்கிற தனி ஆளாகச் சொல்வது. தனி ஆள்களைப் பற்றி நமக்கு அக்கறை இல்லை."

மேடையில் குசுகுசுவென்று ஆலோசனை நடந்தது. பிறகு துரை தீர்ப்பைச் சொன்னார். ஞானசுந்தரத்தின் குரல் ஏறவே இல்லை. "துரையவர்கள் சொல்லுவதாவது, தமிழன் சாப்பிட்டாயிற்று. இவன் ஒருவன்தான் சாப்பிடவில்லை."

எல்லாரும் கைதட்டினார்கள். மானேஜர் சற்றுக் கூடுதலாகவே தட்டினார். செல்லக்கண்ணுவின் கழுத்திலிருந்து வில்லையைக் கழற்றி ஒரு தட்டில் வைத்தார்கள். அப்போது சாப்பாட்டு மணி அடித்தது. நாற்காலிகள் கரகரவென்று நகர்ந்தன, எல்லாரும் பேசிக்கொண்டே பக்கத்து அறைக்குள் போனார்கள். துரை கூப்பிட்டதால் ஞானசுந்தரமும் நாற்காலிக்குப் பின்னால் நிற்கப் போனார். போகும்போது ஒரு தரம் திரும்பிப் பார்த்தார்.

செல்லக்கண்ணு மேடைமேலேயே நின்றுகொண்டிருந்தான். யாராவது கூப்பிடுவார்கள் என்றுதான் நின்றான். அதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. இல்லை என்று வாய்விட்டுச் சொன்ன ஒருவனை விட்டுவிட்டுச் சாப்பிட உட்காருவது நடக்கக்கூடிய காரியம் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. உள்ளே கரண்டிகள் தட்டில் படுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்துச் சேவகன் வந்து, "இன்னும் இங்க என்ன பண்றே? கூடத்தப் பெருக்கணும், எறங்கு" என்றான். செல்லக்கண்ணு இறங்கினான். அலோன்வரை மழையில் நடந்தே போனான். அன்று அவனுக்கு வந்த துக்கம் தைலம்மாள் செத்த அன்றுகூட வரவில்லை. அன்றைக்கு அவனோடு சேர்ந்து அழ நாலு பேர் இருந்தார்கள்.

மறுநாள் கொட்டகையில் வேலம்மா கேட்டாள். "சொன்னியாடா தம்பி?"

"சொன்னேன் அக்கா."

"அப்புறம்?"

"சாப்பாட்டு மணி அடிச்சிருச்சு. அவுங்க சாப்பிடப் போயிட்டாங்க."

வேலம்மா பானையின் அடியைச் சுரண்டிச் சுரண்டி அவன் தட்டில் போட்டாள். அவன் போதும் என்று சொன்னதைக் காதில் வாங்கவில்லை.

மாசக் கடைசியில் அடுப்பு அணைந்தது. ஆற்றுக்கு அக்கரையில் சிரியத்தில் எண்ணெய்க் கம்பெனி ஆட்களுக்குச் சமைக்க வேலம்மா பானைகளோடு படகேறிப் போய்விட்டாள். கொட்டகையைப் பிரித்துத் தகரத்தை விற்றார்கள். உட்கார இடம் போனதும் துறைக்கூலிகள் ஆளுக்கொரு தூக்குச்சட்டியோடு சிதறினார்கள். ஒருவன் மூட்டைக்குப் பின்னால், ஒருவன் கவிழ்த்துப் போட்ட படகுக்கு அடியில். செல்லக்கண்ணு கிட்டங்கித் தாழ்வாரத்தில் மூன்று கல்லைக் கூட்டி உலை வைத்துக்கொண்டான். பூட்டுக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டான்.

அடுத்த மழைக்காலத்தில் சங்கத்தார் அந்தப் பக்கமாக மோட்டாரில் போனார்கள். பிளங்கெட் துரை ஜன்னல் வழியாகப் பார்த்தார். மூட்டைக்குப் பின்னால் ஒருவன், படகுக்கு அடியில் ஒருவன். துரைக்கு உடம்பு புல்லரித்துவிட்டது. தமிழன் தனித்து உண்ணும் இயல்புடையவன், ஆதிகாலத்தில் காட்டில் ஆளுக்கொரு மரத்தின் பின்னால் ஒளிந்து உண்ட பழக்கம் இன்னும் அவனைவிட்டுப் போகவில்லை என்று அங்கேயே முடிவு கட்டினார். முடிவு கிடைத்துவிட்டது, இனி ஆராய்ச்சி செய்யவேண்டியதுதான் பாக்கி. அதற்கு விருந்தும் நடந்தது. நேரில் போய், "நீ ஏன் தனியாகச் சாப்பிடுகிறாய்?" என்று ஒவ்வொருவனையும் கேட்டு வரும்படி ஞானசுந்தரத்தை அனுப்பினார்கள்.

அவர் கிட்டங்கிக்கு வந்தபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. குடையையும் மீறி நனைந்துபோய்த் தாழ்வாரத்தில் ஏறி நின்றார். செல்லக்கண்ணு அப்போதுதான் சட்டியை இறக்கி வைத்திருந்தான். பழைய கதையை அவன் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. அல்லது வைத்துக்கொண்டிருந்தும் வாசலில் வந்து நிற்கிற மனிதரைக் கேட்கவேண்டியதைக் கேட்டான்.

"வாங்க சார். சாப்பிட்டீங்களா?"

ஞானசுந்தரம் வாயைத் திறந்தார். இந்தக் கேள்விக்கு என்ன பதில் என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் இரங்கூனில் யார்? அந்தப் பதிலை எத்தனையோ தரம் இங்கிலீஷில் சொன்னவர் அவர்தானே. ஆனால் மழையைப் பார்த்தார், சட்டியிலிருந்து எழும் ஆவியைப் பார்த்தார்.

"இல்லப்பா" என்றார். "காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடல."

 செல்லக்கண்ணு அவசர அவசரமாகச் சாக்கை உதறிப் போட்டான். "உக்காருங்க சார். மொதல்ல உக்காருங்க." தட்டு ஒன்றுதான் இருந்தது. அதைக் கழுவி அவர் முன்னால் வைத்துவிட்டுத் தனக்குச் சட்டி மூடியைத் திருப்பிப் போட்டுக்கொண்டான். சோற்றை இரண்டாகப் பகிர்ந்தான். கருவாட்டைப் பிய்த்தபோது பெரிய துண்டு தட்டுக்குப் போயிற்று. ஞானசுந்தரம் உட்கார்ந்து சாப்பிட்டார். ஙப்பி மிளகாய் உறைத்துக் கண்ணில் நீர் வந்தது. துடைத்துக்கொள்ளாமலே சாப்பிட்டார். 

தாழ்வாரத்து நீரில் கை கழுவியபின் அவருக்கு ஞாபகம் வந்தது. "ஒன்னை ஒரு கேள்வி கேட்கச் சொல்லி அனுப்பியிருக்காங்க."

"கேளுங்க சார்."

ஞானசுந்தரம் அருகருகே கிடந்த தட்டையும் மூடியையும் பார்த்தார். "இன்னிக்கு அதைக் கேட்க முடியாதப்பா" என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு இறங்கிப் போனார்.

கேள்வியைக் கேட்காமல் திரும்பி வந்ததற்காக அந்த வாரமே சங்கம் அவரைத் தொலைவில் உள்ள மோல்மீன் ஊர்க் கிளைக்கு மாற்றிவிட்டது. செல்லக்கண்ணுவுக்கு அது தெரியாது. மறுநாள் உலை வைக்கும்போது அவன் ஒரு பிடி அரிசி கூடப் போட்டான். யாரும் வரவில்லை. மிஞ்சின சோற்றுக்குத் தண்ணீர் ஊற்றி மூடி வைத்தான். அதற்கு அடுத்த நாளும் ஒரு பிடி கூடத்தான் போட்டான்.